இடது காதில் கையிருப்பு

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில், கிள்ளான் நகரில் லோரி உதிரிப் பாகங்களை மொத்தமாக விற்கும் ஒரு கடையில் இது நடந்தது. பல்கலைக்கழகப் படிப்பை முடித்துவிட்டு, பெட்டாலிங் ஜெயாவில் ஒரு சிறிய கணினி நிறுவனத்தில் நான் வேலைக்குச் சேர்ந்திருந்த காலம் அது. கடைகளும் கிடங்குகளும் தங்கள் கையிருப்பைக் கவனித்துக்கொள்வதற்கான மென்பொருளை எங்கள் நிறுவனம் எழுதி விற்றது. பழைய பதிப்பு டாஸ் முறையில் ஓடியது. கறுப்புத் திரையில் பச்சை எழுத்துகள், எல்லாம் விசைப்பலகையால்தான். புதிய பதிப்பு விண்டோஸுக்காக எழுதப்பட்டது. வண்ணப் படங்களும் பொத்தான்களும் மௌஸும் வந்துவிட்டன.

பழைய பதிப்பைக் கைவிட மறுக்கும் வாடிக்கையாளர்களிடம் போய், காரணம் கேட்டு, அந்தக் காரணத்தைக் கரைத்துவிட்டு வருவதே எனக்குத் தரப்பட்ட வேலை. காஜாங்கில் ஓர் இரும்புச் சாமான் கடைக்காரர், பூசை போட்டு அந்தக் கணினியைத் தொடங்கிய நாள் முதல் வியாபாரம் ஏறியிருப்பதால் அதில் கை வைக்க வேண்டாம் என்றார். திரையின் மேல்விளிம்பில் சந்தனமும் குங்குமமும் காய்ந்து ஒட்டியிருந்தன. இன்னோர் இடத்தில், எந்த விசை எதற்கு என்று தன் விரலுக்குத்தான் தெரியும், தனக்குத் தெரியாது என்று ஓர் எழுத்தர் சொன்னார். இப்படி எதைச் சொன்னாலும் என்னிடம் பதில் இருந்தது. எல்லாவற்றையும் அச்சம், பழக்கம் என்ற இரண்டு தலைப்புகளுக்குள் அடக்கிவிடலாம் என்பது அப்போதைய என் கருத்து.

விற்பனைக்காக மட்டும் நான் பேசவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பழைய பதிப்பில் ஓர் ஆபத்து இருந்தது. வேலை நடந்துகொண்டிருக்கும்போது மின்சாரம் போனால், சில வேளைகளில் தரவுக் கோப்பு முழுவதும் கெட்டுவிடும். ஒரு கடையின் கணக்கு அழிந்தால் முதலாளி சமாளித்துக்கொள்வார்; மாதச் சம்பளத்தை நம்பியிருப்பவர்கள்தான் முதலில் தடுமாறுவார்கள். ஆகவே, மாற்றச் சொல்வது அவர்களுக்கும் நல்லது என்று நான் மனப்பூர்வமாக நம்பினேன்.

கிள்ளான் கடையின் முதலாளி இளமையில் லோரி ஓட்டியவர். முன்புறம் கண்ணாடி வைத்த சிறிய அறையில் உட்கார்ந்திருப்பார். முதல் முறை போனபோது எனக்குக் குடிக்க மைலோ வரவழைத்துக் கொடுத்துவிட்டு, "இப்ப உள்ளதே நல்லா ஓடுது மிஸ். ஓடுற லோரிய நிறுத்தி யாராச்சும் என்ஜின் மாத்துவாங்களா?" என்று கேட்டார். இரண்டாம் முறை, "தீபாவளி வருது லா. இப்ப போய் எல்லாத்தையும் கலைச்சுப் போட்டா நான் என்ன செய்யிறது?" என்றார். தீபாவளி முடிந்து போனபோது, "நம்ம பசங்களுக்கு மௌஸ் புடிக்க வராது மிஸ்" என்றார்.

அருகில் நின்ற மேனேஜர் சிரித்துவிட்டார். அவர் முதலாளியின் மனைவிக்குத் தம்பி. கடையின் அன்றாட நிர்வாகம் அவர் கையில்தான் இருந்தது. "கார்ட் கேம் இருக்குன்னு மட்டும் சொல்லுங்க மச்சான், மத்தியானத்துக்குள்ள எல்லாப் பயலும் கத்துக்குவான்" என்றார். முதலாளி அவரை முறைத்தார். இவர் சொல்லும் காரணங்கள் ஒன்றோடொன்று ஒட்டவில்லை என்பது எனக்கு அப்போதே தெரிந்தது. செலவுக்கு அஞ்சுபவராகவும் தெரியவில்லை. கடைவாசலில் புத்தம் புதிய லோரி நின்றது.

இதற்கிடையே, ஆண்டு முடிவோடு பழைய பதிப்புக்கான பழுதுபார்ப்புச் சேவையை நிறுத்துவதென்று எங்கள் நிறுவனம் முடிவெடுத்தது. அந்தச் செய்தியைச் சொல்ல நான்காம் முறை போனேன். கடையிலுள்ள எல்லாக் கணினிகளையும் பார்க்க வேண்டும் என்றேன். கீழ்த்தளத்தில் இருந்தவற்றைக் காட்டிவிட்டு, "மேல சும்மா போன் மேசைதான் மிஸ். அங்க பார்க்க ஒண்ணும் இல்ல" என்றார் முதலாளி.

"காட்டிடுங்க மச்சான்" என்றார் மேனேஜர். இம்முறை அவர் சிரிக்கவில்லை. "எத்தன நாளைக்குத்தான் மறைப்பீங்க?"

மாடியில் ஒரு பெண் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார். முப்பத்தைந்து வயது இருக்கலாம். முன்னால் இருந்த கணினியின் திரை அணைக்கப்பட்டிருந்தது. ஆனால் அவர் விரல்கள் விசைப்பலகையில் ஓடிக்கொண்டிருந்தன. வலது காதில் தொலைபேசியை வைத்து, தோளால் அணைத்துப் பிடித்திருந்தார். இடது காதில் ஒலி கேட்கும் கருவி ஒன்று மாட்டியிருந்தது. அதன் கம்பி கணினிக்குப் பின்னால் இருந்த சிறிய பெட்டிக்குப் போனது. நாற்காலியின் முதுகில் ஒரு வெள்ளைக்கோல் மடித்துத் தொங்கவிடப்பட்டிருந்தது.

"அல்டர்நேட்டர் ரெண்டு இருக்கு அண்ணே. ஒண்ணு உங்களுக்கு எடுத்து வைக்கச் சொல்றேன். ஆள அனுப்புங்க" என்று சொல்லி அழைப்பை முடித்தார். எதிர்முனையில் இருந்தவர் ஒரு கணம்கூடக் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை.

அந்தப் பெட்டி, டாஸ் திரையில் தோன்றும் எழுத்துகளைப் படித்துக் காட்டும் குரல் கருவி. தலைநகரின் ப்ரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் பார்வையற்றோருக்குப் பயிற்சி தரும் ஓரிடத்தில் அதைப் பயன்படுத்தக் கற்றுக்கொண்டதாகச் சொன்னார். பழைய பதிப்பின் திரையில் ஒவ்வொரு விவரத்துக்கும் மாறாத இடம் உண்டு. பொருளின் பெயர் இந்த வரியில், கையிருப்பு அந்த வரியில் என்பது அவருக்குத் தெரியும். ஒரு விசையைத் தட்டினால் பெட்டி அந்த வரியை மட்டும் படிக்கும். மிக வேகமாகப் படிக்கும்படி அவர் அதை வைத்திருந்தார். நான் காதில் மாட்டிக் கேட்டபோது, பட்டாணி கொட்டுவதுபோல் ஓர் ஓசை மட்டுமே கேட்டது.

"என்னக்கா, உங்க வீட்டுக்காரர் இன்னிக்கி ரொம்ப ஏசுறாரா?" என்று மேனேஜர் பெட்டியைக் காட்டிக் கேட்டார். இது அவர்களுக்குள் வழக்கமான கேலி போலும்.

"இவன் நான் ஒரு பட்டன அமுக்குனா வாய மூடிடுவான். வீட்டுக்காரர் யாரு அப்படி இருக்கா?" என்றார் அக்கா. முதலாளிகூடச் சிரித்தார்.

அதன் பிறகு நான் வந்த காரணத்தைச் சொன்னேன். புதிய பதிப்பு ஏற்றிய கணினி ஒன்றை அடுத்த நாள் கொண்டுவந்து, அந்தப் பெட்டியை அதில் இணைத்துப் பார்த்தோம். புதிய முறையில் திரையிலுள்ள அனைத்தும் படமாக இருந்ததால், பெட்டிக்குப் படிப்பதற்கு எழுத்தே அகப்படவில்லை. அக்கா ஒவ்வொரு விசையாகத் தட்டினார். சற்றுக் காத்திருந்தார். பின்னர் காதிலிருந்து கருவியைக் கழற்றி மேசைமீது வைத்துவிட்டு, "ஊமையாயிட்டான்" என்றார். யாரும் சிரிக்கவில்லை. முதலாளி சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

புதிய முறையைப் படித்துக் காட்டும் நிரல்கள் வெளிநாட்டில் வரத் தொடங்கியிருப்பதாகப் பின்னர் விசாரித்து அறிந்தேன். இங்கே அவை கிடைக்குமா, கிடைத்தாலும் எங்கள் மென்பொருளைப் படிக்குமா என்று உறுதியாகச் சொல்ல எவரும் இல்லை.

அன்று படியிறங்கும்போது மேனேஜர் தணிந்த குரலில் பேசினார். "நான் அந்த அக்காவுக்கு எதிரி இல்ல மிஸ். அவங்க மாதிரி வேலை செய்ய இங்க ஆளே கிடையாது. ஆனா போன தடவ கரண்ட் போயி ஃபைல் கெட்டப்ப, கடையில ஒருத்தனுக்கும் என்ன இருக்கு, என்ன இல்லன்னு தெரியல. உங்க கம்பெனி ஆளுங்க வந்து சரி பண்ணிக் கொடுத்தாங்க. இனிமே நீங்க வர மாட்டீங்கன்னா யாரு வருவா? ஒரு ஆளுக்காக முழுக் கடையும் நிக்கணுமா?"

அவர் கேட்டதில் கொடுமை எதுவும் இல்லை. ஒரு பக்கம் ஒருவருடைய வேலை. மறுபக்கம் கடையில் வேலை செய்யும் அனைவருடைய பாதுகாப்பு. எடை போட்டுப் பார்த்தால் நானும் அதே கேள்வியைத்தான் கேட்டிருப்பேன்.

அன்று மாலை ரயிலில் அக்காவோடு சேர்ந்து திரும்பினேன். இருவரும் ப்ரிக்பீல்ட்ஸில்தான் குடியிருந்தோம் என்பது அன்றுதான் தெரிந்தது. நான் ஒரு வாடகை அறையில் இருந்தேன். என் சன்னலுக்குக் கீழே ஒவ்வொரு காலையிலும் வெள்ளைக்கோல்கள் தட்டிக்கொண்டு சாலையைக் கடக்கும். உடம்பு பிடித்துவிடும் கடைகளுக்குப் போகிறவர்கள், தொலைபேசி இயக்குநர்கள், பயிற்சிக்குப் போகிறவர்கள் என்று அந்த வட்டாரத்தில் அது அன்றாடக் காட்சி. அவற்றில் ஒன்று கிள்ளான் வரை போய்வருகிறது என்பது எனக்குப் புதிய செய்தி.

ரயில் சுபாங் ஜெயாவைத் தாண்டியது. "படியில அவரு சொன்னது கேட்டுச்சு தங்கச்சி" என்றார் அக்கா.

நான் ஏதோ சமாதானம் சொல்லத் தொடங்கினேன்.

"அவரு சொன்னது தப்பில்ல. அத விடுங்க. உங்க ஆபீஸ்ல நீங்க காரணம் சொல்லணும்தானே, இந்தக் கடை ஏன் மாத்தலன்னு? அதுல என்னைய இழுக்காதீங்க."

ஏன் என்று கேட்டேன். அவருக்கு உதவுவதற்கு அதுவே வலுவான காரணம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். பார்வையற்ற ஒரு பணியாளருக்காகக் கடை பழைய பதிப்பில் நீடிக்கிறது என்று எழுதினால், எங்கள் அலுவலகத்தில் எவர் மறுத்துப் பேசுவார்?

"இன்னிக்கி என்னாலதான் மாத்தலன்னு எழுதுவீங்க. நல்ல மனசுலதான் எழுதுவீங்க. நாளைக்குக் கூரை ஒழுகுனாலும் என்னாலதான்னு ஆயிரும்" என்று சொல்லிச் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "எனக்குப் பின்னால என்னைய மாதிரி எத்தன பேரு வேலை கேட்டு வரிசையில நிக்கிறாங்க தெரியுமா? அவங்கள எடுத்தா கம்பியூட்டர் மாத்த முடியாதுன்னு ஒரு முதலாளி இன்னொரு முதலாளிகிட்ட சொன்னாப் போதும். முடிஞ்சிச்சு. நம்ம முதலாளிகிட்டயும் இதத்தான் கேட்டுக்கிட்டேன். அவரு பாவம், பொய் சொல்ல வரல. தீபாவளிங்கிறாரு, மௌஸுங்கிறாரு."

அப்படியானால் அவருக்கு என்ன வேண்டும் என்று கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை. "போன எடுக்கணும். இருக்கா இல்லையான்னு நானே சொல்லணும். கொஞ்சம் இருங்க, கேட்டுச் சொல்றேன்னு இழுக்கக் கூடாது. அவ்வளவுதான்."

அடுத்த சில நாட்கள் நான் ஓர் ஏற்பாட்டை வரைந்தேன். கீழ்த்தளத்தில் புதிய பதிப்பு ஓடும். மாடியில் அக்காவின் கணினி பழையபடியே இருக்கும். புதிய பதிப்பிலிருந்து கையிருப்பு முழுவதையும் வெறும் எழுத்தாக ஒரு வட்டில் எடுத்து, கடை திறக்கும் முன் ஒரு முறையும் மதியம் ஒரு முறையும் அவருடைய கணினியில் ஏற்றுவோம். பெட்டி அதைப் படிக்கும். இதுவரை மேலும் கீழும் இருந்த கணினிகள் ஒரே கணக்கைப் பார்த்தன; இனி அப்படி இருக்காது என்ற ஓட்டை இதில் இருந்தது. அதையும் மூவரிடமும் சொன்னேன். காலைக்கும் மதியத்துக்கும் இடையில் கீழே விற்றுப்போகும் பொருள், அக்காவின் காதில் இன்னும் இருப்பதாகவே ஒலிக்கும்.

"அப்ப நான் சொல்றது காலையில உள்ள உண்மை" என்றார் அக்கா.

மாத முடிவு வரை முயன்று பார்ப்பது, அதுவரை பழைய தரவை அழிக்காமல் வைத்திருப்பது என்று முடிவாயிற்று. மேனேஜருக்கு அதில் திருப்தி. முதலாளி, "அவங்க சரின்னா சரி" என்றார்.

தொடக்கத்தில் எல்லாம் சீராக நடப்பதுபோலவே தெரிந்தது. ஆனால் அவ்வப்போது நான் போய்ப் பார்த்தபோது, அக்காவின் பேச்சு மாறிக்கொண்டு வந்ததைக் கவனித்தேன். "இருக்கு அண்ணே" என்று வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொன்னவர், "கொஞ்சம் இருங்க, கீழ கேட்டுட்டுச் சொல்றேன்" என்று சொல்லத் தொடங்கினார். கீழே முகப்பில் கூட்டம் இருந்தால் எவரும் உள்தொலைபேசியை எடுப்பதில்லை. காத்திருந்தவர்களில் சிலர் அலுத்துப்போய் இணைப்பைத் துண்டித்தனர். அவர்கள் அடுத்து எந்தக் கடையை அழைத்திருப்பார்கள் என்பதை ஊகிக்கச் சிரமம் இல்லை. அக்கா இதைப் பற்றி எவரிடமும் முறையிடவில்லை. முறையிட்டால் அதுவும் தன்னால் வந்த தொல்லையாகிவிடும் என்று நினைத்திருக்கலாம்.

மாத முடிவு நெருங்கிய ஒரு நாள், நான் கடையில் இருந்தபோதே அது நடந்தது. கேரி தீவில் எண்ணெய் எடுக்கும் ஒரு செம்பனைத் தோட்டத்தின் பட்டறை ஃபோர்மன், கடை திறந்த சிறிது நேரத்தில் அழைத்திருந்தார். பழம் ஏற்றிய லோரி ஒன்று வாட்டர் பம்ப் கெட்டுப் பாதி வழியில் நின்றுவிட்டது. வெட்டிய செம்பனைப் பழம் ஆலைக்குப் போகத் தாமதித்தால் தரம் இறங்கிவிடும். அந்தப் பொறுப்பு அவர் தலையில் விடியும். பெட்டி ஒரு பம்ப் இருப்பதாகப் படித்தது. அவர் அவசரப்படுத்தவே, அக்கா, "இருக்கு, வாங்க" என்று சொல்லிவிட்டார். எடுத்து வைக்கச் சொல்லிக் கீழே அழைத்தபோதுதான், கடை திறந்தவுடனேயே அதை ஒருவர் வாங்கிப்போய்விட்டது தெரிந்தது. உடனே பட்டறைக்கு அழைத்தார். ஃபோர்மன் கிளம்பிவிட்டிருந்தார். கைத்தொலைபேசி எல்லோரிடமும் இருந்த காலமன்று அது.

அவர் வந்தார். பொருள் இல்லையென்று முகப்பில் சொன்னதும், "போன்ல பேசுற பொம்பள எங்க?" என்று கத்திக்கொண்டே மாடிப்படியில் ஏறினார். முதலாளி பின்னால் ஓடினார். மேனேஜரும் நானும் தொடர்ந்தோம்.

ஃபோர்மன் அக்காவின் மேசைக்கு முன்னால் போய்க் கையை ஓங்கியபடி வாயைத் திறந்தார். இருண்ட திரையைப் பார்த்தார். நாற்காலியில் தொங்கிய கோலைப் பார்த்தார். கை தானாக இறங்கியது. எத்தனையோ காலமாகத் தொலைபேசியில் பேசியவர், அன்றுதான் அவரை நேரில் பார்க்கிறார்.

"பரவாயில்லம்மா" என்றார், முற்றிலும் வேறொரு குரலில். "பரவாயில்ல. நான் வேற எங்கயாச்சும் பார்த்துக்கிறேன்."

"யாரு, கேரி ஐலண்ட் ஃபோர்மன் அண்ணனா?" என்றார் அக்கா. "படி ஏறுற வரைக்கும் நல்லா ஏசிக்கிட்டுத்தானே வந்தீங்க? ஏன் நிறுத்திட்டீங்க?"

"இல்லம்மா, எனக்குத் தெரியாம..."

"என்ன தெரியாம? தப்பான பேரிங் அனுப்பிட்டேன்னு ஒரு தடவ போன்லயே என்னக் கிழிச்சுத் தொங்கப் போட்டீங்க. அப்பவும் எனக்குக் கண்ணு தெரியாது. ஏசுங்க அண்ணே. நீங்க ஏசாமப் போனா மறுபடி எனக்குப் போன் பண்ண மாட்டீங்க. பாவம்னு விட்டுட்டு வேற கடைக்குப் பண்ணுவீங்க."

ஃபோர்மன் எங்களைப் பார்த்தார். முதலாளி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஃபோர்மன் தொண்டையைச் செருமிக்கொண்டு, முதலில் தயக்கமாகவும் போகப் போகச் சூடாகவும் திட்டத் தொடங்கினார். "என்னம்மா நீ, இருக்குன்னு சொன்ன! பழத்தோட லோரி ரோட்டுல கெடக்குது. மில்லுக்காரன் எனக்கு மாலையா போடுவான்? உன் பேச்ச நம்பி அங்கேருந்து அடிச்சுப் புடிச்சு வந்தேன் பாரு, என்னச் சொல்லணும்!"

அக்கா குறுக்கிடாமல் முழுவதையும் கேட்டுக்கொண்டார். முடிந்ததும், "தப்புதான் அண்ணே" என்று சொல்லிவிட்டுத் தொலைபேசியை எடுத்து, மேரு சாலையிலிருந்த போட்டிக் கடைக்கே அழைத்தார். அங்கே பேசுபவரை அவருக்குக் குரலால் தெரியும். ஒரு பம்பை ஃபோர்மனுக்காக ஒதுக்கச் சொல்லி, அது மேசைக்கு வந்துவிட்டதென்று மறுமுனை சொல்லும்வரை இணைப்பை விடாமல் காத்திருந்தார்.

ஃபோர்மன் படியிறங்கும்போது முதலாளியின் தோளில் கை வைத்தார். "பாஸ், இந்த அம்மா இருக்குன்னு சொன்னா நான் ரெண்டாவது தடவ கேக்கவே மாட்டேன், லோரிய எடுத்துருவேன். இங்க என்னத்தப் போட்டு மாத்துனீங்க?"

அவர் போன பிறகு நாங்கள் நால்வரும் மாடியில் நின்றோம். முதலாளி மேனேஜரின் முகத்தைப் பார்த்தார். அவர்தான் மாற்றத்தை விரும்பியவர். எனவே அவரே சொல்லட்டும் என்று காத்திருந்ததாக எனக்குப் பட்டது.

"பழசே ஓடட்டும் மச்சான்" என்றார் மேனேஜர். "கீழ கலரு கலரா இருந்து என்ன பிரயோசனம், மேல போன் பண்றவன் வெச்சிட்டுப் போறான்." பிறகு என் பக்கம் திரும்பினார். "ஆனா மிஸ், கரண்ட் போனா ஃபைல் கெடாம இருக்க நீங்க ஒரு வழி பண்ணணும். அது இல்லாம நான் ஒத்துக்க மாட்டேன்."

அது நியாயமான நிபந்தனை. மின்சாரம் போனாலும் கணினியைச் சிறிது நேரம் தாங்கிப் பிடிக்கும் மின்கலப் பெட்டியை வாங்கி வைத்தோம். கடை மூடும்போது தரவைப் படியெடுத்து முதலாளி வீட்டுக்கு எடுத்துப்போவது வழக்கமாயிற்று. மேனேஜரின் அச்சத்தில் பெரும்பகுதி இதனால் தீர்ந்தது. முழுவதும் தீர்ந்ததென்று சொல்ல மாட்டேன். எங்கள் சேவை நின்றுவிட்டால் அவர்கள் தனியாகத்தான் நிற்பார்கள்.

அலுவலகத்துக்குத் திரும்பி, அந்தக் கடை ஏன் மாறவில்லை என்று எழுத உட்கார்ந்தேன். அந்தக் கடையின் விற்பனை பெரும்பாலும் தொலைபேசியில் நடக்கிறது. அழைப்பவரைக் காக்கவைக்காமல் அந்தக் கணத்தின் கையிருப்பைச் சொல்ல அங்கே பழைய பதிப்பால் முடிகிறது. புதிய பதிப்பைக் கொண்டு முயன்றபோது வாடிக்கையாளர்கள் விலகினர் என்று எழுதினேன். அதில் பொய் எதுவும் இல்லை. அக்காவும் இல்லை. என் மேலதிகாரி படித்துவிட்டு, பழையதால் முடிகிறது புதியதால் முடியவில்லையா என்று வியந்தார். ஆனால் காரணம் வியாபாரக் காரணமாக இருந்ததால், அவருக்கு அது புரிந்தது. சேவையை நிறுத்தும் முடிவு அந்தக் கடைக்கு மட்டும் தள்ளிவைக்கப்பட்டது. சில ஆண்டுகள் கழித்து, புதிய முறையைப் படித்துக் காட்டும் நிரல் ப்ரிக்பீல்ட்ஸுக்கே வந்து சேர்ந்தபோது, புதிய பதிப்புக்கு மாறச் சொல்லி முதலில் கேட்டவர் அக்காதான் என்று பின்னர் கேள்விப்பட்டேன்.

ஒரு சந்தேகம் மட்டும் இன்றுவரை எனக்குத் தீரவில்லை. உண்மையான காரணத்தை அன்று நான் எழுதியிருந்தால், காதால் கணினியைப் பயன்படுத்துகிறவர்களும் உலகில் இருக்கிறார்கள் என்பது எங்கள் நிரலாளர்களுக்குத் தெரிந்திருக்கும். அவர்கள் அடுத்த பதிப்பை வேறு விதமாக எழுதியிருக்கவும் கூடும். எழுதாததால் அது அவர்களுக்குத் தெரியாமலே போயிற்று. மறுபுறம், எழுதியிருந்தால், ரயிலில் அக்கா அஞ்சியதுபோல், அவருக்குப் பின்னால் வேலை கேட்டு வந்த யாரோ ஒருவர் முன் ஒரு கதவு சத்தமில்லாமல் மூடியிருக்கலாம். இரண்டையும் பலமுறை எடை போட்டுப் பார்த்திருக்கிறேன். தட்டு ஒரு பக்கமாக நின்றதில்லை. அவர் கேட்டுக்கொண்டதைச் செய்தேன் என்பதைத் தவிர என்னிடம் உறுதியான விடை இல்லை.

அதன் பிறகு வேறு பல நிறுவனங்களில் வேலை பார்த்துவிட்டேன். பழைய பதிப்பை விடாதவர்களைக் கண்டு சலித்துக்கொள்ளும் இளைஞர்கள் இப்போது எனக்குக் கீழே இருக்கிறார்கள். அச்சத்தாலும் பழக்கத்தாலும் மாறாதவர்கள் ஏராளமாக உண்டு என்பதை நான் மறுப்பதில்லை. ஆனாலும், ஓர் அலுவலகத்தில் நுழைந்து "ஏன் இன்னும் மாற்றவில்லை?" என்று கேட்பதற்கு முன், அதற்கான உண்மையான பதிலை வாய்விட்டுச் சொன்னால் அங்கே யாருடைய நாற்காலி ஆடும் என்று ஒரு கணம் நின்று பார்க்கும் வழக்கம் மட்டும் கிள்ளானிலிருந்து என்னோடு வந்து தங்கிவிட்டது.